ஹோல்டர் தாள் சுத்தமாகத்தான் இருந்தது

மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் 1987, அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து டாக்டரிடம் போகிறார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க இப்படியே இருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அதுதான் ஹோல்டர். மறுநாள் அந்தப் பதிவைப் பார்த்தால், ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே மணிக்கு இருபது முப்பது தடவை, அகலமும் கோணலுமாக ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து குதிக்கிறது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை. டாக்டருக்குத்தான் முகம் மாறுகிறது. புதிதாக வந்த ஒரு மாத்திரையை எழுதுகிறார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஹோல்டர். கோணல் துடிப்புகளைக் காணோம், தாள் சுத்தம். இரண்டு பேருக்கும் நிம்மதி.

இந்த ஆள் நான் உருவாக்கிய ஆள். ஆனால் இதே காட்சி அந்த வருடங்களில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் நடந்தது. அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள் என்பது 1989 ஏப்ரலில்தான் தெரிந்தது. இதயத் தாள மருந்துகளைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் இந்தச் சம்பவத்தில் வந்துதான் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

முதலில் அந்தக் கோணல் துடிப்பு என்ன என்று பார்த்துவிடுவோம். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்னத் திசுக்கூட்டம் இருக்கிறது, சைனஸ் கணு என்பார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அதிலிருந்து மின்துடிப்பு கிளம்பி, மேலறைகளில் பரவி, நடுவில் ஏவி கணு என்னும் சுங்கச்சாவடியில் கொஞ்சம் தாமதித்து, அப்புறம் கீழறைகளுக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு எழுபது என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு. இத்தனையில் எங்காவது ஒரு கீழறைச் செல் முறையைக் காத்திருக்காமல் தானாகவே ஒரு துடிப்பைக் கிளப்பிவிட்டால் அது முந்துதுடிப்பு. டாக்டர்கள் விபிசி அல்லது பிவிசி என்று சொல்வார்கள். "நெஞ்சுக்குள்ள ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கு" என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான். உண்மையில் துடிப்பு எதுவும் விட்டுப்போவதில்லை. முந்தி வந்தது சரியாக ரத்தம் நிரம்பாமலே துடித்துவிடுவதால் நாடியில் தெரியாது. அதற்குப் பின் வரும் இடைவெளியும், அதையடுத்து நன்றாக நிரம்பி வரும் பலமான துடிப்பும்தான் நமக்குத் தெரிகிறது.

நல்ல இதயத்தில் இது சாதாரணம். உங்களுக்கும் ஹோல்டர் கட்டினால் சில வந்து நிற்கும். மாரடைப்பில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிப்போன இதயத்தில் இதே துடிப்புக்கு வேறு அர்த்தம் இருந்தது. 1960களில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்து, நோயாளியின் தலைமாட்டில் மானிட்டர் ஓயாமல் ஓடத் தொடங்கியபோது மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: கீழறை துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டு ஆளைச் சாகடிக்கும் அந்தக் கொடிய தாளம், பல சமயம் ஒரு முந்துதுடிப்பில்தான் தொடங்குகிறது. தீப்பொறியும் தீயும் மாதிரி. பாஸ்டனில் பெர்னார்ட் லௌன் 1971இல் முந்துதுடிப்புகளை அவற்றின் எண்ணிக்கை, வடிவம், கூட்டமாக வருகிறதா என்பதை வைத்துத் தரம் பிரித்தார். மாரடைப்புக்குப் பின் அடிக்கடி முந்துதுடிப்பு வருபவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்றும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. இது உண்மை. இன்றைக்கும் உண்மை.

அந்த உண்மையிலிருந்து அடுத்த படிக்குத் தாவியதில்தான் வந்தது வினை. பொறிதான் தீயை மூட்டுகிறது என்றால் பொறியை அணைத்துவிட்டால் போதுமே? கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்ததால் யாரும் அதை ஒரு ஊகமாகவே நினைக்கவில்லை.

பொறியை அணைக்கும் மருந்துகளும் வந்து சேர்ந்தன. பிளெகைனைடு 1985இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது, என்கைனைடு 1986இல். இவற்றுக்கு முன்பிருந்த குயினிடின் வயிற்றைக் கலக்கும், புரோகைனமைடு மூட்டுவலியைக் கொண்டுவரும். புதிதாக வந்த இரண்டும் வயிற்றுக்கு இதம். முந்துதுடிப்பைத் துடைத்து எடுப்பதில் பழைய மருந்துகளெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. ஹோல்டர் தாளை வைத்துப் பார்த்தால் இவைதான் அந்தக் காலத்தின் சிறந்த மருந்துகள். எதை வைத்து அளந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கியது. முதலில் சிறிய அளவில் ஒரு முன்னோட்டம், சுமார் 500 பேர். அதில் பிளெகைனைடு, என்கைனைடு, மோரிசிசின் ஆகிய மூன்றும் முந்துதுடிப்பை நன்றாக அடக்குவதாகத் தெரிந்தது. பிறகு 1987இல் பெரிய சோதனை தொடங்கியது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து காஸ்ட் என்பார்கள். மொத்தம் 4,400 பேரைச் சேர்ப்பது திட்டம்.

மாரடைப்பு வந்து ஆறு நாள் முதல் இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள், ஹோல்டரில் சராசரியாக மணிக்கு ஆறு முந்துதுடிப்பாவது இருக்க வேண்டும், இதயத்தின் பம்ப் செய்யும் திறனும் ஓரளவு குறைந்திருக்க வேண்டும். இவர்களை நேரடியாகக் குலுக்கலில் போடவில்லை. முதலில் எல்லோருக்கும் உண்மையான மருந்தைக் கொடுத்து, மறுபடி ஹோல்டர் எடுத்து, யாருக்கு முந்துதுடிப்பு நன்றாக அடங்கியதோ அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2,309 பேர் மருந்தைத் தொடங்கினார்கள், 1,727 பேருக்கு அடங்கியது. அதாவது முக்கால்வாசிப் பேருக்கு. இந்த முக்கால்வாசியைத்தான் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதே மருந்தையும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருந்துக்கு இதைவிடச் சாதகமான ஒரு சோதனையை அமைக்க முடியாது. மருந்து "வேலை செய்யும்" என்று ஏற்கெனவே நிரூபித்துக் காட்டியவர்கள் மட்டுமே உள்ளே. மருந்து கெடுதல் செய்யக்கூடும் என்ற எண்ணமே பெரும்பாலானோருக்கு இல்லாததால், புள்ளியியல் கணக்கையும் முதலில் ஒருபக்கமாகவே வைத்திருந்தார்கள்: மருந்து காப்பாற்றுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, கொல்கிறதா என்பது கேள்வியிலேயே இல்லை. நோயாளிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்க அமைத்த தனிக்குழுதான், கெடுதல் பக்கமும் ஒரு எல்லைக்கோடு வேண்டும் என்று சேர்த்தது. அந்தப் பெயர் தெரியாத பிடிவாதக்காரர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

வேறொரு பக்கம், பல இதய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை இந்தச் சோதனையில் சேர்க்கவே மறுத்தார்கள். காரணம், இவ்வளவு முந்துதுடிப்பு உள்ளவருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது தர்மமா என்று. நல்ல எண்ணத்தில்தான் மறுத்தார்கள். நோயாளிக்கு நல்லது செய்வதாக நினைத்து மருந்தையே கொடுத்தார்கள்.

கண்காணிப்புக் குழு இடையில் கணக்குப் பார்த்தபோது இரண்டு குழுக்களுக்கும் மருந்து, வெற்று என்று பெயர் போடாமல் வெறும் எழுத்துகளாகத்தான் தகவல் அவர்கள் முன்னால் வந்தது. ஒரு எழுத்தின் கீழ் சாவு கூடிக்கொண்டே போனது. 1989 ஏப்ரலில் உறையைப் பிரித்தார்கள். சாவு கூடியிருந்தது மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம்.

பிளெகைனைடும் என்கைனைடும் சம்பந்தப்பட்ட பகுதியில் அப்போது 1,455 பேர் இருந்தார்கள். மருந்து பெற்ற 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை பெற்ற 725 பேரில் 22 பேர். சராசரியாகப் பத்து மாதத்துக்குள். தாளக் கோளாறினால் வந்த சாவை மட்டும் தனியாக எடுத்தால் மருந்துப் பக்கம் 33, வெற்று மாத்திரைப் பக்கம் 9. எந்தச் சாவைத் தடுக்க மருந்தைக் கொடுத்தார்களோ அந்தச் சாவுதான் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்த இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தினார்கள். ஆகஸ்டில் முதல் அறிக்கை வந்தது. 1991 மார்ச்சில் வந்த முழுக் கணக்கில் மருந்து பெற்ற 755 பேரில் 63, வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 என்று இருந்தது. போக்கில் எந்த மாற்றமும் இல்லை. என்கைனைடு அந்த வருடமே சந்தையிலிருந்து போய்விட்டது.

மோரிசிசினை மட்டும் விட்டுவைத்தார்கள், அதில் அப்போது கெடுதல் தெரியவில்லை. காஸ்ட் இரண்டாம் பாகம் அதை வைத்தே ஓடியது. இந்தத் தடவை மருந்தைத் தொடங்கும் முதல் இரண்டு வாரத்தையும் தனியாகக் கவனித்தார்கள். மருந்து பெற்ற 665 பேரில் 17 பேர் அந்தப் பதினான்கு நாளுக்குள் இறந்தார்கள் அல்லது இதயம் நின்று மீட்கப்பட்டார்கள். மருந்து பெறாத 660 பேரில் 3 பேர். 1991 ஆகஸ்டில் அதையும் மூடினார்கள்.

யாருக்கும் ஏன் தெரியாமல் போனது?

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். இத்தனை டாக்டர்கள் தினமும் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் கூடவா சந்தேகம் வரவில்லை? கணக்குப் போட்டால் புரியும். பத்து மாதத்தில் ஏறக்குறைய 21 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார். ஒரு டாக்டரிடம் இப்படி இருபது நோயாளி இருந்தால், ஒரு வருடத்தில் ஒருவர் போவதற்குப் பதில் இரண்டு பேர் போவார்கள். மாரடைப்பு வந்தவர் திடீரென்று போனால் யார் மருந்தைச் சந்தேகப்படுவார்கள்? "பாவம், ஏற்கெனவே இதயம் பலவீனம், மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை" என்றுதான் தோன்றும். மருந்தினால் வந்த சாவும் நோயினால் வந்த சாவும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன.

இன்னொரு மாயமும் அதற்குள் இருந்தது. மருந்துக்கு முந்துதுடிப்பு சுலபமாக அடங்குகிறவர்கள் இயல்பிலேயே கொஞ்சம் தெம்பான இதயக்காரர்கள், அடங்காதவர்கள்தான் மோசமானவர்கள் என்று காஸ்ட் தகவல்களை வைத்தே பின்னால் பார்த்தார்கள். அதனால் மருத்துவமனையில் மருந்துக்கு அடங்கியவரையும் அடங்காதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும், அடங்கியவர் நன்றாக இருப்பது கண்கூடாகத் தெரியும். பெருமை மருந்துக்குப் போய்ச் சேரும். உண்மையில் மருந்து அவரையும் கீழேதான் இழுத்துக்கொண்டிருந்தது. வெற்று மாத்திரைக் குழு ஒன்று பக்கத்தில் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சரி, மருந்து உள்ளே என்னதான் செய்தது?

இதயச் செல்லுக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்து வருவதால்தான் துடிப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு வேகமாகத் தாவுகிறது. இந்த மருந்துகள் அந்தச் சோடியம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்கின்றன. துடிப்பு பரவும் வேகம் குறைகிறது. எங்கேயோ தனியாகக் கிளம்பும் முந்துதுடிப்பு அப்படியே அமுங்கிவிடும். ஹோல்டரில் தெரிந்த நன்மை இது, பொய்யில்லை.

ஆனால் தழும்புள்ள இதயத்தில் நிலைமை வேறு. செத்த திசுவுக்கு நடுவே அங்கங்கே உயிரோடு மிஞ்சிய தசை இழைகள் கிடக்கும், ஒற்றையடிப் பாதை மாதிரி. அந்தப் பாதையில் நுழைந்த துடிப்பு வளைந்து வளைந்து சுற்றிவரும். தேர் நாலு வீதியும் சுற்றி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் வேகமாக வந்தால், கிளம்பிய இடத்தில் கூட்டம் இன்னும் கலைந்திருக்காது, வழியில்லாமல் நின்றுவிடும். அப்படி நின்றால் ஆபத்தில்லை. இதயத்திலும் ஒரு துடிப்பு கடந்துபோன இடம் கொஞ்ச நேரம் அடுத்ததை ஏற்காது. சுற்றிவந்த துடிப்பு அங்கே முட்டி அணைந்துபோகும். தேர் மெதுவாக வந்தால்? அது வந்து சேர்வதற்குள் கூட்டம் கலைந்து வழி திறந்துவிடும், தேர் அடுத்த சுற்று கிளம்பிவிடும். அப்புறம் நிற்காது. நிமிடத்துக்கு இருநூறு சுற்று. இதயம் பம்ப் செய்வதை மறந்து இந்தச் சுழலுக்கு ஆடும். சோடியம் வாசலை அடைத்துத் தேரை மெதுவாக்கியது இந்த மாத்திரைகள்தான்.

இன்னும் ஒன்று சேர்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க இந்த மருந்தின் பிடி இறுகும், ஏனென்றால் வாசல் எத்தனை தடவை திறக்கிறதோ அத்தனை தடவை மருந்து உள்ளே போய் உட்காரும். மாரடைப்பு வந்தவருக்கு மறுபடி ரத்த ஓட்டம் குறைந்து நெஞ்சுவலி வரும் அந்த நேரத்தில் இதயமும் வேகமாக ஓடும், செல்லும் சோர்ந்திருக்கும், மருந்தும் இறுகப் பிடிக்கும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜியில் இது எதுவும் தெரியாது. மருந்துக் குழுவில் இறந்தவர்கள் சோதனைக் காலம் முழுக்கப் பரவலாக இறந்தார்கள், முதல் நாளிலேயே அல்ல. அதற்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது.

பீட்டா பிளாக்கர் என்ற மந்தமான மாணவன்

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், சாவைக் குறைக்கும் மருந்து அப்போதே கையில் இருந்தது. 1982இல் வெளியான ஒரு சோதனையில், மாரடைப்பு வந்த 3,837 பேரில் புரோபிரனலால் என்ற பீட்டா பிளாக்கர் பெற்றவர்களில் 7.2 விழுக்காடு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரைக் குழுவில் 9.8 விழுக்காடு. நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்தச் சோதனையையும் முன்கூட்டியே நிறுத்தினார்கள், நல்ல காரணத்துக்காக. ஆனால் ஹோல்டர் தாளில் பீட்டா பிளாக்கருக்கு மார்க் குறைவு. முந்துதுடிப்பைப் பெரிதாக அடக்காது. அட்ரினலின் இதயத்தைச் சாட்டையால் அடிப்பதைத் தடுக்கும், துடிப்பைத் தணிக்கும், இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்கும். பொறியை விட்டுவிட்டு விறகை நனைத்துவைக்கும் வேலை. இன்றைக்கு மாரடைப்பு வந்து பம்ப் பலவீனமானவருக்கு மெட்டோபிரலால், கார்விடிலால் போன்ற ஒரு பீட்டா பிளாக்கரை எழுதாமல் பெரும்பாலும் டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

தாள மருந்துகளை நாலு வகையாகப் பிரிக்கும் ஒரு பட்டியல் எல்லாப் பாடத்திலும் இருக்கும், ஆக்ஸ்போர்டில் வான் வில்லியம்ஸ் 1970இல் போட்டது. சோடியம் வாசலை அடைப்பவை முதல் வகை, பீட்டா பிளாக்கர் இரண்டாவது, பொட்டாசியம் வாசலை அடைத்துச் செல்லின் ஓய்வு நேரத்தை நீட்டுபவை மூன்றாவது, வெராபமில், டில்டியாசம் போன்ற கால்சியம் அடைப்பான்கள் நாலாவது. மருந்து எந்த வாசலில் உட்காருகிறது என்பதை இது சொல்லும். ஆள் பிழைப்பாரா என்பதை இந்தப் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

முதல் வகையின் மூதாதை குயினிடின். அதன் கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. மலேரியாவுக்காகக் குயினைன் சாப்பிட்டுப் பழகிய ஒரு டச்சு வணிகர், தனக்குத் தாளம் கெட்டுப் படபடக்கும்போது ஒரு கிராம் குயினைன் போட்டால் மறுநாள் காலை சரியாகிவிடுகிறது என்று 1912இல் வென்கெபாக் என்ற மருத்துவரிடம் சொன்னார். டாக்டருக்கு நம்பிக்கையில்லை, சொன்னபடியே மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார். 1918இல் பிரே என்பவர், சின்கோனா பட்டையில் உள்ள சரக்குகளில் குயினைனின் உடன்பிறப்பான குயினிடின்தான் இதற்கு அதிக வலுவுள்ளது என்று காட்டினார். 1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், ஆங்கிலேயர் அரசுத் தோட்டம் போட்டு வளர்த்தார்களே, அதே மரத்தின் பட்டை. எழுபது வருடம் உலகமெல்லாம் சாப்பிட்டது. 1990இல் ஆறு சோதனைகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்தபோது, மேலறை நடுக்கம் என்னும் தாளக் கோளாறு உள்ளவர்களில் ஒரு வருடம் கழித்தும் சீரான தாளத்தில் இருந்தவர்கள் குயினிடினால் 50 விழுக்காடு, இல்லாமல் 25. ஆகா என்று சொல்வதற்குள் அடுத்த வரி: இறந்தவர்கள் 2.9 விழுக்காடு, இல்லாமல் 0.8. மறுபடியும் தாள் சுத்தம்.

பாடம் எல்லோருக்கும் அன்றே ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சோடியம் வேண்டாம், பொட்டாசியம் வாசலை முயல்வோம் என்று டி-சோட்டலாலைக் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு வந்து இதயம் பலவீனமான 3,121 பேரிடம் சோதித்ததில் 5.0க்கு 3.1 விழுக்காடு என்று மருந்துப் பக்கம்தான் சாவு கூடியது. 1996இல் அறிக்கை வந்தது. அமியோடரோனோ தழும்புள்ள இதயத்தில் ஆளைக் கூடுதலாகக் கொல்லவில்லை, அதனால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் காப்பாற்றவும் இல்லை: 2005இல் வந்த, 2,521 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கொண்ட சோதனையில் அமியோடரோனும் வெற்று மாத்திரையும் ஒன்றுதான், நெஞ்சுத் தோலுக்கடியில் பொருத்தும் அதிர்ச்சிக் கருவி, ஐசிடி, சாவை 23 விழுக்காடு குறைத்தது. பொறி வரட்டும், தீயாக மாறினால் அப்போது அணைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

அமியோடரோனைப் பற்றி இரண்டு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி வருவது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அதனால் தைராய்டு மேலும் போகலாம் கீழும் போகலாம். நுரையீரல், கல்லீரல், வெயில் படும் தோல் எல்லாவற்றையும் தொடும். கொழுப்பில் போய்த் தங்குவதால் மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். கூடவே ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால் ரத்தம் தேவைக்கு மேல் இளகும், டிஜாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிட்டால் அதன் அளவு ரத்தத்தில் ஏறும்; இரண்டையும் குறைக்க வேண்டியிருக்கும். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால் சளி என்று விட்டுவிடாமல், அமியோடரோன் சாப்பிடுகிறேன் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பிளெகைனைடு என்ன ஆனது? இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். அது ஒழியவில்லை. இன்றைக்கும் எழுதுகிறார்கள், நல்ல பலனோடு. மேலறை நடுக்கம், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், விட்டுவிட்டு வருகிறது, எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயம் நன்றாக இருக்கிறது, பழைய மாரடைப்பு இல்லை என்றால் அது உதவும். 2004இல் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வில், முதலில் ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்துப் பாதுகாப்பு என்று தெரிந்தவர்களிடம் பிளெகைனைடையோ புரோபஃபெனோனையோ கொடுத்து, படபடப்பு வந்தால் வீட்டிலேயே ஒரு தடவை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். 94 விழுக்காடு தடவை தாளம் திரும்பியது, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குள். அதே மருந்துதான். தழும்பில்லாத இதயத்தில் தேர் சுற்றிவர ஒற்றையடிப் பாதை இல்லை.

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மேலறை நிமிடத்துக்கு 300 தடவை சுழலும்போது ஏவி கணு பாதியைத்தான் கீழே விடும், 150 வரும். பிளெகைனைடு அந்தச் சுழலை 200க்கு மெதுவாக்கினால் ஏவி கணு "இது என்னால் முடியும்" என்று ஒவ்வொன்றையும் விட்டுவிடும், கீழறை 200இல் ஓடும். அதனால்தான் அதோடு பீட்டா பிளாக்கரோ டில்டியாசமோ சேர்த்து எழுதுகிறார்கள். "ரெண்டு மாத்திரை எதுக்கு, ஒண்ணு போதும்" என்று அந்த இரண்டாவது மாத்திரையை நாமாக நிறுத்துவது இந்த இடத்தில் ஆபத்தில் முடியலாம்.

மேலறை நடுக்கத்தில் தாளத்தைத் திருப்புவது மட்டும் சிகிச்சை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தாளம் சீராகிவிட்டது என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் பக்கவாதம் வந்திருக்கிறது. 2002இல் வந்த, 4,060 பேரைக் கொண்ட பெரிய சோதனையில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு, இது நம் நாட்டில் இன்னும் நிறைய, ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரையான ரிவராக்ஸபனைவிடப் பழைய வார்ஃபரின் வகைதான் மேல் என்று 2022இல் வந்த சோதனை காட்டியது. மாதாமாதம் ஊசி குத்தி, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று சொல்லும் ஐஎன்ஆர் பார்ப்பது அலுப்புதான், ஆனாலும்.

முந்துதுடிப்புக்கு வருவோம். நெஞ்சில் ஒன்று தப்பியது போல இருந்து, ஈசிஜியும் எக்கோவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்; தூக்கம், காபி, பொட்டாசியம், தைராய்டு, ரத்தசோகை இவற்றைப் பார்த்தால் போதும். ஒரு நாளின் மொத்தத் துடிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முந்துதுடிப்பாகவே இருந்தால் அதுவே இதயத்தைத் தளரவைக்கலாம், அப்போது டாக்டர் வேறு வழி யோசிப்பார். மயங்கி விழுவது, அதிலும் ஓடும்போதோ வேலை செய்யும்போதோ விழுவது, வீட்டில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, பழைய மாரடைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட தாள மருந்தை வாங்கிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இந்த ஒரு வகை மருந்தில் மட்டுமாவது வேண்டாம்.

அமெரிக்காவில் பிளெகைனைடோடு வரும் தகவல் தாளில் தொடக்கத்திலேயே கட்டம் கட்டிய ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதற்குள் காஸ்ட்டின் எண்கள் அப்படியே கிடக்கின்றன: இறந்தவர்கள் அல்லது இதயம் நின்று மீண்டவர்கள் மருந்தில் 315க்கு 16, வெற்று மாத்திரையில் 309க்கு 7. இன்றைக்கு ஒரு டாக்டர் அந்த மாத்திரையை எழுதுவதற்கு முன் "எக்கோ எடுத்தாச்சா? இதுக்கு முன்னாடி அட்டாக் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பது அந்த 16க்கும் 7க்கும் நடுவில் இருக்கும் ஆட்களால்தான்.